கை நனைக்காத பலகாரங்கள்

என் அம்மாவுக்குச் சாப்பிடாமல் இருக்கத் தெரியும். பட்டினி கிடப்பதைச் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்குப் போவாள், கூடத்தில் உட்காருவாள், காப்பி குடிப்பாள், இரண்டு முறுக்கைக் கடித்து முறுக்கு நன்றாயிருக்கிறது என்றும் சொல்வாள். அவள் எழுந்து வாசலைத் தாண்டும்போது, அந்த வீட்டில் அவள் சாப்பிடவில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

எங்கள் பக்கம் இதைக் கை நனைப்பது என்பார்கள். சம்பந்தம் பேசப் போன வீட்டில் பேச்சு முடிகிறவரை கை நனைக்க மாட்டார்கள். சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் போட்டுவிட்டால் உறவு. அதற்குப் பிறகு வாபஸ் கிடையாது. காப்பி, பிஸ்கட், பழம், வெற்றிலை, சுண்டல் எல்லாம் சேர்த்தி இல்லை. வடையைப் பற்றிக் குடும்பங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அது வடை சாம்பாரில் ஊறியதா ஊறாததா என்பதைப் பொறுத்தது.

என் அண்ணன் வீட்டில் அம்மா மூன்று வருடங்களாகக் கை நனைக்கவில்லை.

அண்ணன் எழுபதுகளின் பாதியில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனான். படிப்பு முடிகிற வருடம் நீல நிற ஏர்மெயில் கடுதாசி ஒன்று போடிக்கு வந்தது. கல்யாணம் ஆகிவிட்டது என்று எழுதியிருந்தான். பெண்ணின் குணம், குடும்பம், அந்த ஊரின் குளிர் என்று மூன்று பக்கம். அம்மா என்னை முழுவதையும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். மூன்றாம் முறை கல்யாணத் தேதியை மட்டும் வாசிக்கச் சொன்னாள். கடுதாசி வந்து சேர்ந்ததற்கு இருபது நாள் முந்தைய தேதி அது. அம்மா எழுந்து போய் அடுப்பில் இருந்த பாலை இறக்கினாள். பால் பொங்கவில்லை. அதற்கு இன்னும் நேரம் இருந்தது.

பிறகு அண்ணன் மதினியோடு வந்து, போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்த எங்கள் ஏலத்தோட்டத்து வீட்டில் குடியேறினான். காலையில் மேகம் சமையலறைக்குள் வந்துபோகிற வீடு. முன்வாசலில் நின்றால் காலடியில் மலை சரிந்து இறங்கும். அதன் அடியில் போடி ஒரு கைப்பிடி பொரிகடலையைப் போலச் சிதறிக் கிடக்கும். ஊரில் இருந்தபோது எனக்கு மலைமேல் இருக்கத் தோன்றும், மலையில் இருந்தபோது ஊருக்கு இறங்கத் தோன்றும். அந்த வருடங்களில் நான் பாதி நேரம் ஜீப்பில்தான் இருந்தேன்.

அம்மா மேலே போகாமல் இல்லை. மாதம் ஒரு தடவை போனாள். பிரசவத்துக்குப் பிறகு ஒரு மாதம் தினமும் ஜீப்பில் ஏறி இறங்கிக் குழந்தையைத் தன் கையால் குளிப்பாட்டினாள். மதினிக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்து, அவள் தட்டில் மிச்சம் வைத்தால் திட்டினாள். ஆனால் போகும்போதெல்லாம் ஒரு தூக்குவாளியில் தயிர்ச்சோறும் எலுமிச்சை ஊறுகாயும் எடுத்துப் போவாள். திரும்பி வரும்போது பாதி இறக்கத்தில், ஒரு வளைவில் ஜீப்பு நிற்கும். அம்மா இறங்கி ஒரு பாறையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அந்த வளைவு வந்தால் டிரைவர் யாரும் சொல்லாமலேயே நிறுத்தப் பழகியிருந்தார். அவர் சிலமலைக்காரர். எதையும் கேட்காத மனிதர்.

மதினி தமிழைத் தோட்டத்தில் காய் பறிக்கும் பெண்களிடம் கற்றுக்கொண்டாள். அதனால் அவளுக்கு 'நீங்கள்' கடைசியாகத்தான் வந்தது. வெள்ளைக்காரி ஒருத்தி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, "ஏ புள்ள, வெரசா வா, சாரல் எறங்குது" என்று சரிவில் நின்று கத்துவதைக் கேட்டு, தேவாரம் ஊரிலிருந்து வந்த எங்கள் சித்தப்பா ஒருவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். கை நனைக்கிற விஷயத்தையும் அந்தப் பெண்கள்தான் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் என்னிடம் நேராகக் கேட்டாள்.

"அத்த என் வீட்டுல சோறு திங்காதாமே. நெசமா?"

நான் மழையைப் பற்றி ஏதோ சொன்னேன்.

"மழைய விடு. நெசமா, இல்லையா?"

"நெசம்தான் மதினி."

அவள் தலையாட்டினாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. குழந்தைக்கு ஆறாம் மாதம் நெருங்குகிறது, அவர்கள் வழக்கப்படி பௌர்ணமியன்று ஒரு ஆசீர்வாதச் சடங்கு செய்யவேண்டும் என்றாள். "அன்னிக்கு அத்த என் வீட்டுல ஒரு வாய் திங்கணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

மதினி கிறிஸ்தவள் இல்லை. பிறந்தபோது இருந்தாள், பிறகு விட்டுவிட்டாள். அவளும் அவளுடைய சில சிநேகிதிகளும் விக்கா என்ற வழியைச் சேர்ந்தவர்கள். நிலா, மண், காற்று, நெருப்பு, தண்ணீர், இவைதான் அவர்களுக்குச் சாமி. நான் மதுரையில் கல்லூரியில் வாங்கிய அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். இல்லை. அவள் சொன்ன இன்னொரு சொல் இருந்தது. அதற்கு நேராகச் சூனியக்காரி என்று போட்டிருந்தது. அகராதியை மூடினேன். யார் கேட்டாலும், அவர்கள் ஊரில் பௌர்ணமி கும்பிடுவார்கள் என்று சொல்வதாக முடிவு செய்தேன். கேட்ட எல்லோரும் நல்லது என்றார்கள்.

அம்மாவிடமும் அதையே சொன்னேன்.

"நம்மளும்தான பௌர்ணமிக்கு வெளக்குப் போடுறோம்," என்றாள் அம்மா. "இதுக்கா அவன் ஏரோப்ளேன் ஏறிப் போனான்?"

அம்மாவுக்கு மதினியின் சாமிகளைப் பற்றி எந்தப் புகாரும் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சாமிகளில் கூட ஒன்று வந்தால் அவளுக்கு இடம் இருந்தது. அவளுக்கு இருந்தது அந்த இருபது நாள்.

சாப்பாடுதான் பாதிச் சடங்கு என்று மதினி சொன்னாள். குழந்தையை நான்கு திசைக்கும் காட்டி முடித்ததும், தாய் தன் கையால் ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பாள். அதை வாங்கித் தின்றவர்கள் அந்தக் குழந்தையின் ஆட்கள். சாகிறவரை. அம்மாவும் அவளும் இந்த விஷயத்தில் ஒரே மதத்தைச் சேர்ந்தவர்கள் என்று அப்போது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நான் பட்டியல் எழுதுவதில் மும்முரமாக இருந்தேன்.

பட்டியலை மதினி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, போடிக்கு இறங்கி அம்மாவிடம் வாசித்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ரொட்டி," என்றேன்.

"யாருக்குக் காய்ச்சல்?"

"விருந்துக்கும்மா."

"மேல சொல்லு."

"ஆப்பிள். பால். தேன்."

அம்மா கத்தியை வைத்தாள். "ஏத்தா, ரொட்டி, ஆப்பிளு, பாலு. நம்ம ஆளுங்க வாசல்லயே நின்னு எந்த வார்டுன்னு கேப்பாங்க."

அவள் சொன்னது சரிதான். அந்தக் காலத்தில் போடியில் ஆப்பிள் விற்ற கடை ஆஸ்பத்திரிக்கு எதிரில்தான் இருந்தது. நான் மதினி சொன்ன காரணத்தைச் சொன்னேன். ஆப்பிளைக் குறுக்கே அறுத்தால் நடுவில் ஐந்து முனை நட்சத்திரம் தெரியும், அது அவர்களுக்கு முக்கியம்.

"நட்சத்திரம்தான வேணும்? பேரிக்காய அறுத்துப் பாரு. அதுலயும் அஞ்சுதான்." கொடைக்கானல் பேரிக்காய் அப்போது சந்தையில் குவிந்து கிடந்தது. அம்மா அதுவரை எத்தனை பேரிக்காயைக் குறுக்கே அறுத்துப் பார்த்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

"சரி, பேரிக்காய். அடுத்தது விதைகள். எள்ளு..."

"எள்ளு எறைக்கிறது யாருக்குன்னு அவளுக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும்ல?"

அடித்தேன். "முட்டை. அவிச்சு, மேல கலர் பூசி..."

"கலர் பூசி?"

"நிலா வெளிச்சத்துல வட்டமா வைக்கணுமாம்."

அம்மா உரித்த வெங்காயத்தை ஒதுக்கி வைத்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். "கலர் பூசின முட்டைய மண்ணுல வட்டமா வச்சா, மறுநா காலைல தோட்டத்துக்கு ஒரு ஆளு வேலைக்கு ஏறமாட்டான். ஜீப்பு காலியாத்தான் போகும். ஒங்க அண்ணன் ஒத்தையில காயப் பறிக்கட்டும்."

முட்டையையும் அடித்தேன். அடுத்து ஒயின் இருந்தது. அதை நானே கம்பம் திராட்சைச் சாறு என்று மாற்றி வாசித்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். கடைசியில் பிறை வடிவில் கேக்கு. அதில் அம்மா குற்றம் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. அடித்த இடங்களை நிரப்ப அவளே சொல்லத் தொடங்கினாள்.

"தெனமாவு இடிச்சு, அந்தத் தேனையே ஊத்திப் பெச. நம்ம மலைத் தேனு. கொண்டக்கடல சுண்டல் போடு. இனிப்புப் பணியாரம் ஊத்து. மலவாழப்பழம் ஒரு தார் வாங்கு. பொரிகடல வெல்லம் போட்டு உருண்ட புடி, தோட்டத்துப் பொம்பளைங்க புள்ளைங்களுக்குக் கொண்டு போவாளுக."

"நீ வருவியாம்மா?"

"எம்பேத்திக்குச் சடங்குன்னா வராம இருப்பனா? வர்றேன். வந்து உக்காந்து எல்லாத்தையும் தின்னுட்டுத்தான் வருவேன்."

எல்லாத்தையும் தின்னுட்டுத்தான் வருவேன். அந்த வாக்கியத்தைப் பத்திரமாக ஜீப்பில் ஏற்றி, அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் சிந்தாமல் மேலே கொண்டுபோய் மதினியிடம் கொடுத்தேன். அவள் என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். அண்ணன் அப்போது ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இருந்தான். குடும்ப விஷயம் எது வந்தாலும் அந்த ஸ்டோரின் அடுப்பில் சூடு கூடிவிடும் அல்லது குறைந்துவிடும், அவன் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.

கேக்கு சொல்ல பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரிக்கு நானே போனேன். பேக்கரிக்காரர் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். பிறை வடிவில் முப்பது சின்னக் கேக்கு வேண்டும் என்றேன்.

"பெருநாளுக்கா? அது கழிஞ்சு போச்சே."

"இல்ல. வீட்டு விசேஷம்."

"பிறை மட்டும் போதுமா?"

"போதும்."

சடங்குக்கு முதல்நாள் வாங்கப் போனபோது, ஒவ்வொரு பிறைக்குள்ளும் சர்க்கரைப் பாகில் ஒரு நட்சத்திரம் வைத்திருந்தார். வெறும் பிறை பார்க்க நன்றாக இல்லை, நட்சத்திரத்துக்குக் காசு வேண்டாம் என்றார். மேலே கொண்டுபோய் மதினியிடம் பெட்டியைத் திறந்து காட்டினேன். அவள் எண்ணினாள். ஐந்து முனை. அவள் கண் நிறைந்துவிட்டது. இந்த ஊர் பேக்கரிக்காரனுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டாள். ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்றேன்.

அன்று மத்தியானம் சமையலறையில் பலகாரங்களைத் தட்டுகளில் பரப்பி வைத்தோம். தினைமாவு, சுண்டல், பணியாரம், பொரி உருண்டை, பேரிக்காய், வாழைத்தார், கேக்கு. ரொட்டியை மட்டும் மதினி விட்டுக்கொடுக்கவில்லை. கேழ்வரகு மாவும் கோதுமை மாவும் கலந்து, பழைய பிஸ்கட் டின்னைக் கரியடுப்பில் கவிழ்த்துத் தானே சுட்டிருந்தாள். செங்கல் நிறம், செங்கல் எடை. நான் இரண்டடி பின்னால் நின்று மொத்தத்தையும் பார்த்தேன். யாரையும் புண்படுத்தாத ஒரு விருந்து. எனக்கு என்மேல் மரியாதை வந்தது.

தோட்டத்து வீட்டில் சமைத்த அக்கா சாந்தம்பாறைப் பக்கம். வாய் பாதி மலையாளம். தட்டுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசித் தட்டில் நின்றாள்.

"எல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. சோறு எவிட?"

"சோறு இல்லக்கா. இதான் அவங்க வழக்கம்."

"அப்ப ஒங்கம்மைக்கு வளரெ சௌகரியம்," என்றாள் அக்கா. "எல்லாம் திங்கலாம். ஒண்ணும் தின்னதாகாது."

மேகம் ஜன்னல் வழியாக வந்து பணியாரத்தின்மேல் படிந்துகொண்டிருந்தது. நான் தட்டுகளைத் திரும்பப் பார்த்தேன். உலர்ந்தது, உலர்ந்தது, பழம், உலர்ந்தது. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, ஒரு வார்த்தை கடிந்து பேசாமல், எதையெல்லாம் தின்றாலும் சேர்த்தி இல்லையோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தாள். நான் அதை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்திருந்தேன். வந்து எல்லாவற்றையும் தின்பாள். சொன்ன சொல் தவறமாட்டாள். தின்றுவிட்டு ஜீப்பில் ஏறி, பாதி வழியில் பாறைமேல் உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிடுவாள்.

மதினிக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. குழந்தை இடுப்பில் இருந்தது. அதன் தலையில் முகவாயை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அப்ப சோறு வைப்போம்," என்றாள்.

நான் வேண்டாம் என்றேன். அவசரமாகச் சொன்னேன். இப்படியே விட்டால் அம்மா வருவாள், சிரிப்பாள், தின்பாள். பார்க்கிறவர்களுக்கு அவள் சாப்பிட்டது போலத்தான் இருக்கும். இலை போட்டால் அத்தனை பேர் நடுவில் வேண்டாம் என்று சொல்லவேண்டி வரும். சொல்லிவிட்டால் அதுவும் வாபஸ் வாங்க முடியாது.

"சாப்ட்ட மாதிரி இருந்தா எனக்கு எதுக்கு?" என்றாள் மதினி. "மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லட்டும். எம்மொகத்தப் பாத்துச் சொல்லட்டும். சோறும் மண்ணுல இருந்துதான வருது?"

அண்ணனைக் கேட்கலாம் என்று ஸ்டோருக்கு ஆள் அனுப்பினோம். அடுப்பில் சூடு கூடிவிட்டது என்று பதில் வந்தது.

என்ன குழம்பு என்பதில் மீதிப் பொழுது போனது. பௌர்ணமி, கறி கூடாது. சாம்பார் வைத்தால் அம்மா அதை ஓட்டல் சாப்பாடு என்பாள். மதினி தேங்காய் அரைத்த எதையோ வைக்க ஆசைப்பட்டாள், அது அக்கா கற்றுக்கொடுத்தது, அம்மாவுக்கு மலையாளச் சமையல் என்றால் எண்ணெய் நாற்றம். கடைசியில் துவரம்பருப்பு, நெய், கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, ரசம், தயிர் என்று நின்றது. பயந்தவர்கள் வைக்கிற சாப்பாடு.

மறுநாள் சாயங்காலம் விருந்தாளிகள் இரண்டு ஜீப்பில் ஏறி வந்தார்கள். அம்மா முதல் ஜீப்பில், டிரைவருக்குப் பக்கத்தில். பட்டுச் சேலை. மடியில் தூக்குவாளி. இறங்கும்போது அதை சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு இறங்கினாள். மதினி அதைப் பார்த்தாள். மதினி பார்த்ததை நான் பார்த்தேன்.

முன்வாசலில் மதினி அரிசி மாவால் ஒரு பெரிய வட்டம் போட்டிருந்தாள். சும்மா ஒரு வட்டம். அது மூளியாக இருப்பதாகக் காய் பறிக்கும் பெண்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து புள்ளி வைத்து, இழை இழுத்து, நடுவில் தாமரையும் போட்டு முடித்திருந்தார்கள். வட்டத்தை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். கிழக்கே சாம்பிராணிப் புகை காற்றுக்கு, தெற்கே குத்துவிளக்கு நெருப்புக்கு, மேற்கே செம்பில் தண்ணீர், வடக்கே தொட்டியில் ஓர் ஏலக்கன்று மண்ணுக்கு. தேவாரத்துச் சித்தப்பா பரவாயில்லை என்பது போலத் தலையசைத்தார். அவருக்குத் தெரியாத பொருள் அங்கே ஒன்றும் இல்லை.

அம்மா வட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். "தாய்மாமன் எங்க?"

"எனக்கு அண்ணன் தம்பி இல்லையே அத்த," என்றாள் மதினி.

"தாய்மாமன் இல்லாம புள்ளைய யாரு மடியில வைக்கிறது?" அம்மா திரும்பி, ஜீப்பின் மேல் சாய்ந்து பீடி பற்றவைக்கப் போன டிரைவரைக் கூப்பிட்டாள். "அப்பு, அதக் கீழ போட்டுட்டு வா. வந்து இப்புடி உக்காரு."

"நானா ஆத்தா?"

"வலி எடுத்தப்ப இவள ஆஸ்பத்திரிக்கு எறக்குனது நீதான? அத்தன வளைவும் கூடப் பெறந்தவன் மாதிரித்தான ஓட்டுன? உக்காரு."

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குழந்தையை அவர் மடியில் வைத்தார்கள். கியர் மாற்றும் மனிதரின் கை, குழந்தை மடியில் இருந்தவரை அசையவே இல்லை. மதினி என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினாள். அதில் இருந்த நம்பிக்கையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

நிலா வரவேண்டும். சமவெளிக்கு அந்தப்புறம், கிழக்கே, வானம் மஞ்சள் கட்டியது. அதே நேரம் மலைக்குப் பின்னாலிருந்து, கேரளத்துப் பக்கத்திலிருந்து, சாரல் மேகம் முதுகில் ஏறி வந்தது. எது முந்துகிறது என்று நாற்பது பேர் நின்று பார்த்தோம். மேகம் முந்தியது. எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. மதினி மேகத்துக்குள் நின்று அவள் மொழியில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனாள். குழந்தையை டிரைவர் மடியிலிருந்து எடுத்துப் புகைக்குக் காட்டினாள், விளக்குக்குக் காட்டினாள். தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைத்தபோது குழந்தை அழுதது. கன்றின் மண்ணை எடுத்து உள்ளங்காலில் தடவி, திரும்ப டிரைவர் மடியில் வைத்தாள். அப்போது மேகம் ஓரிடத்தில் கிழிந்து, போடியின் தெருவிளக்குகளுக்கு மேலே நிலா முழுதாக நின்றது. பெண்களில் ஒருத்தி குலவை போட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அது சடங்கில் இல்லை. மதினி தடுக்கவில்லை.

பிறகு ரொட்டி. மதினி பிட்டுப் பிட்டுக் கொடுத்தாள். பிட்கக் கொஞ்சம் பலம் தேவைப்பட்டது. அம்மா கையேந்தி வாங்கி, வாயில் போட்டு, நிதானமாக மென்றாள். தினைமாவு தின்றாள், சுண்டல் தின்றாள், நட்சத்திரத்தோடு கேக்கைத் தின்றாள், திராட்சைச் சாற்றை மோந்து பார்த்துவிட்டுக் குடித்தாள். "எல்லாம் நல்லா இருக்கு," என்றாள். மதினியின் வழக்கப்படி அவள் அந்த நிமிடமே குழந்தையின் ஆள் ஆகிவிட்டாள். அம்மாவின் வழக்கப்படி அவள் இன்னும் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை.

உள்ளே கூடத்தில் இலை போட்டோம். அம்மா இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பட்டியலில் இல்லாத ஒன்று வந்திருப்பது புரிந்தது. டிரைவர் மடியிலிருந்து குழந்தையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மதினியே வந்து சொன்னாள். "அத்த, உக்காருங்க. சோறு வச்சிருக்கேன்."

தமிழில் அவள் 'ங்க' போட்டு நான் கேட்ட முதல் வாக்கியம் அது.

அண்ணன் ஸ்டோர் பக்கம் பார்த்தான். அம்மா உட்கார்ந்தாள். நிற்க முடியாத இடத்தில் உட்கார்வதில் தவறில்லை. மடியில் குழந்தை, எதிரில் இலை. மதினி தன் கையால் சோறு வைத்து, பருப்பை ஊற்றி, நெய் விட்டாள்.

"எனக்கு வயிறு ஒரு மாதிரியா இருக்குத்தா," என்றாள் அம்மா. குரலில் எந்தக் கசப்பும் இல்லை. "காலைல இருந்தே. நீங்க சாப்டுங்க. நான் புள்ளைய வச்சிருக்கேன்."

அது மாட்டேன் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல். மதினிக்கு அதைக் காய் பறிக்கும் பெண்கள் சொல்லிக்கொடுத்திருப்பார்களா என்று தெரியவில்லை. அவள் நெய்க் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். பிறகு, "சரி அத்த," என்றாள். அடுத்த இலைக்கு நகர்ந்தாள். அவள் முதுகு மட்டும் தெரிந்தது. ஊற்றிய பருப்பு அம்மாவின் இலையில் ஓரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அதைத் தடுத்தது குழந்தை. குனிந்து, ஐந்து விரலையும் சோற்றுக்குள் விட்டுப் பிடித்தது. சூடு இல்லை. பிடித்ததை முகத்துக்குக் கொண்டுபோய், வாய் எங்கே என்று தேடிக் கன்னத்தில் அப்பியது.

"ஏ, ஏ," என்றாள் அம்மா. "இதுக்கு மாசம் என்ன ஆச்சு?"

"நாளையோட ஆறு," என்றேன்.

"ஆறு மாசமா ஒருத்தியும் சோறு காட்டல?" யாரிடமும் இல்லாமல் கேட்டுக்கொண்டே வலது கையை இலையில் வைத்தாள். பருப்பும் நெய்யும் சேர்த்துக் கொஞ்சம் சோற்றை எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் மசித்தாள். நன்றாக, ஒரு பருக்கை கூடத் தெரியாமல், களிம்பு மாதிரி. ஒரு பொட்டு எடுத்துக் குழந்தையின் நாக்கில் வைத்தாள். அது முகத்தைச் சுளித்தது. பிறகு யோசித்தது. பிறகு வாயைத் திறந்தது. நான்கு பொட்டு உள்ளே போனது. ஐந்தாவதை நாக்கு வெளியே தள்ளியது. போதும் என்று தலையைத் திருப்பிக்கொண்டது.

அம்மாவின் விரல்களிலும் இலை ஓரத்திலும் மிச்சம் இருந்தது. பிள்ளை தின்று விட்ட மிச்சத்தை என்ன செய்வார்கள்? பிள்ளைகள் எங்கள் மிச்சத்தையும் அவள் என்ன செய்தாளோ அதையே செய்தாள். வழித்து வாயில் போட்டாள்.

கூடம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. மறந்து செய்துவிட்டாள் என்று சித்தப்பா பிற்பாடு ராசிங்காபுரம் வரை போய்ச் சொன்னார். அம்மாவை எனக்குத் தெரியும். அரிசியில் கல் பொறுக்கும்போதுகூட எத்தனை கல் என்று தெரிந்து வைத்திருப்பவள். அவள் மென்றாள், விழுங்கினாள். குழந்தையை இடது தொடைக்கு மாற்றி வைத்தாள். இலையில் மீதிச் சோற்றை நடுவில் சேர்த்தாள்.

"ஏத்தா," என்று மதினியைக் கூப்பிட்டாள். அவள் பந்தியின் மறுகோடியில் நின்றாள். "பருப்புல உப்புக் கம்மி. குழம்ப இங்கிட்டுக் கொண்டா."

மதினி குழம்புச் சட்டியோடு வந்தாள். வெரசாகத்தான் வந்தாள், ஆனால் ஊற்றும்போது கரண்டி சட்டியில் பட்டுத் தாளம் போட்டது. அம்மா பிசைந்து சாப்பிட்டாள். ரசம் கேட்டாள். தயிர் கேட்டாள். கத்தரிக்காய் முற்றல் என்றாள். சாப்பிட்டு முடித்து இலையைத் தன் பக்கமாக மடித்தாள்.

நாங்கள் இறங்கும்போது நிலா மலையை முழுக்க வெளுத்து வைத்திருந்தது. டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து ஓட்டினார். வழக்கமான அந்த வளைவு வந்ததும் பிரேக்கை அழுத்தி நிறுத்தினார்.

அம்மா இறங்கவில்லை. சீட்டுக்கு அடியில் கையைவிட்டுத் தூக்குவாளியை எடுத்து அவரிடம் நீட்டினாள். "இந்தா அப்பு. தாய்மாமனுக்குப் பந்தியில யாரும் சரியாக் கவனிக்கல. சாப்டு."

அவர் மூடியைத் திறந்து மோந்தார். எதையும் கேட்காத மனிதர், எதையும் சொல்லாதவரும்கூட. அன்றைக்குச் சொன்னார்.

"புளிச்சுப் போச்சு ஆத்தா."

"அப்பக் கொட்டிட்டு, வாளிய மட்டும் குடு," என்றாள் அம்மா.